ஐம்பது ரூபாயில் இரண்டு கையெழுத்து

நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் இதை எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். தெரியும். ஒரு வரி முடிப்பதற்குள் உலை கொதித்துவிடும், அவ்வளவுதான்.

போன வாரம் அவள் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். சென்னையில் யாரோ ஒருவர் ஜனாதிபதிகள் கையெழுத்துப் போட்ட ரூபாய் நோட்டுகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறாராம். ஒவ்வொன்றையும் படம் பிடித்துப் போட்டிருக்கிறார். அதில் ஓர் ஐம்பது ரூபாய். மூலையில் வெற்றிலைக் கறை. பார்த்ததும் சுண்ணாம்பு வாசனை மூக்கில் ஏறிவிட்டது. அது என் சுருக்குப்பைக் கறை.

உத்திரமேரூர் ஏரிக்கரைப் பக்கம் ஒரு கொட்டகையில் முதியோர் வகுப்பு நடந்த காலம். நடவு முடிந்து, கால் சேறு காய்வதற்குள் உட்கார்ந்து 'அ' போடுவோம். ஜனாதிபதி சென்னைக்கு வந்தபோது எங்களில் சிலரை வேனில் ஏற்றிப் போனார்கள். வழியெல்லாம் வாந்தி. அதில் முக்கால் பங்கு என்னுடையது.

வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்த ஜனாதிபதி என் முன்னால் நின்று, கையெழுத்துப் போடச் சொன்னார். கூட வந்த அதிகாரிகள் காகிதம் தேடினார்கள். நான் சுருக்குப்பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினேன். சிரித்துவிட்டு, நோட்டில் வெள்ளையாக இருந்த இடத்தில் முதலில் அவர் போட்டார். பிறகு பேனாவை என்னிடம் கொடுத்தார். அவர் பெயருக்குக் கீழே என் பெயர். அவசரத்தில் கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்தேன். அதுவரை எங்கே போனாலும் பெருவிரலை உருட்டியவள் நான்.

நோட்டைப் பாடப் புத்தகத்துக்குள் வைத்து டிரங்குப் பெட்டியில் பூட்டினேன். கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினேன். பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று பழையசீவரம் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்துத் திருப்புலிவனத்துப் பெரிய வீட்டில் கல்யாணம். என் வீட்டுக்காரர் அவர்கள் கழனியில்தான் வேலை செய்தார். கையில் காசில்லை. பெட்டியைத் திறந்து, அந்த நோட்டோடு ஒரு ரூபாய் சேர்த்து மொய் வைத்துவிட்டார்.

"மொய் வெக்காம இருந்தா நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அவுங்க கழனில எறங்கறது?" என்றார்.

"வேற அம்பது குடுத்து மாத்திக்கினு வாய்யா."

"வெச்ச மொய்ய திருப்பிக் கேக்கறதா? ஊரே காறித் துப்பும்."

அதுவும் உண்மைதான். தட்டில் விழுந்ததைத் திருப்பிக் கேட்கும் வழக்கம் எங்களில் இல்லை. பின்னால் என் மகள் கல்யாணத்தில் அவர்களும் திருப்பிச் செய்தார்கள். புத்தம்புது நோட்டு. கணக்கு தீர்ந்தது.

மகள் கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள், அந்த வீட்டுக்கு மல்லாட்டை, வேர்க்கடலைதான், உரிக்கப் போனேன். கூடத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் என் நோட்டு. சட்டத்தின் தங்க விளிம்பு சரியாக என் பெயர்மேல் உட்கார்ந்திருந்தது. தன் அப்பாவுக்கு ஜனாதிபதி போட்டுக் கொடுத்தது என்று விருந்தாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார் அந்த வீட்டு முதலாளி. நான் முறத்தோடு நின்றுவிட்டேன்.

"இன்னாடி பாக்கற, படிக்கத் தெரிஞ்சாப்புல?" என்றாள் முதலாளி வீட்டு அம்மா.

"தெரியும்மா. சட்டத்தக் கயட்டுங்க, உள்ள நான் எயுதுனத படிச்சிக் காட்றேன்."

மறுநாளிலிருந்து எனக்கும் வேலை இல்லை, என் வீட்டுக்காரருக்கும் இல்லை.

"போ, உம் பேர வெச்சி ஒலை வையி," என்றார் அவர். சாகும்வரை அதைச் சொல்லிக் காட்டினார்.

இப்போது அவர் இல்லை. வேனில் வந்தவர்களில் என்னைத் தவிர யாரும் இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் உர மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். பெரிய வீட்டை இடித்து மனைக்கல் நட்டாயிற்று. அந்த வீட்டுப் பேரன்மார் நோட்டையும் விற்றுவிட்டார்கள் போலிருக்கிறது.

கைபேசியில் இருந்தது சட்டத்திலிருந்து கழற்றிய நோட்டு. மகள் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். என் பெயர் இருந்தது, புள்ளி இல்லாமல். படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ஏதோ இருந்தது. அவள் கைபேசியைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"குடுடி."

"ஒண்ணும் இல்லம்மா."

பிடுங்கி, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். 'கீழே யாரோ கிறுக்கியிருப்பதால் மதிப்பு குறைவு.'

வகுப்பில் படித்ததில் பாதிக்கு மேல் மறந்துபோயிற்று. இதைப் பிழையில்லாமல் படித்தேன்.