கார்டில் இருக்கிற வயசு

தவசியண்ணன் போயிட்டார். இன்னைக்குக் காலையில, சிக்கல் ஊர்ல, அவர் வீட்டுல... நெஞ்சுவலி.

நாங்க வேலை பார்த்த லேப், அவங்க பேஜ்ல அஞ்சலி போட்டிருக்கு. "எங்கள் அன்பான டேட்டா என்ட்ரி உதவியாளர், வயது 52." பத்திக்கிட்டு வருது எனக்கு.

டேட்டா என்ட்ரியா? மூளை ஸ்கேன் ஆய்வுல அத்தனை புள்ளியியல் மாடலும் போட்டது அந்த மனுஷன். நான் பக்கத்து சீட்.

சங்கு எடுக்கக் கடல்ல முங்குறவங்களுக்கு மூளை சுருங்குதான்னு பார்க்கணும். ஒப்பிட்டுப் பார்க்க கமுதிப் பக்கத்து விவசாயிங்க. வயசானாலே மூளை கொஞ்சம் சுருங்கும், அதனால வயசை கோவேரியட்டா போட்டு அந்தப் பங்கைக் கழிச்சிட்டுத்தான் மிச்சத்தைப் பார்க்கணும்.

முதல் ரிசல்ட்ல வித்தியாசமே இல்ல. எல்லாம் வயசுதான்னு வந்துச்சு. அண்ணன் மட்டும் ஸ்க்ரீனை முறைச்சுக்கிட்டே இருந்தார்.

"ஏத்தா, இந்த முங்குற ஆளுக்கு ஆதார் கார்டுல அறுபத்திரெண்டாம். மூத்த மகன் இப்பத்தான் பத்தாவது படிக்கிறான். இடிக்குதுல்ல?"

மறுநாளே பஸ் ஏறிட்டார். கடற்கரையில ஒவ்வொருத்தரையா உட்கார வெச்சு, கல்யாணம் எப்ப, முதல்ல முங்குனது எப்பன்னு கேட்டுக் கேட்டு எழுதிட்டு வந்தார். எவனோ ஒரு புரோக்கர், முதியோர் உதவித்தொகை கிடைக்கும்னு பாதிப் பேருக்குக் கார்டுல பத்து வயசு ஏத்தி விட்டிருக்கான்.

"என்னையவே எங்கய்யா, எங்கண்ணன்கூட ஒரே வகுப்புல விட மூணு வயசு கூட்டித்தான் சேத்தாக"ன்னு சிரிச்சார்.

நிஜ வயசைப் போட்டு ஓட்டினோம். ஐம்பது வயசு ஆளுங்களுக்கு அறுபது வயசு மூளை. முங்குறவங்க பக்கம் மட்டும்.

ஆய்வுக்குத் தலைமையா இருந்த சார் பார்த்தார். "கார்டுல இருக்கிறதைப் போடுங்க. வாய்வார்த்தை எல்லாம் டேட்டா இல்ல."

அண்ணன் முடியாதுன்னுட்டார். அந்தப் புது வயசையெல்லாம் ஷீட்ல இருந்து அழிச்சது யாரு தெரியுமா? நான். கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற மாசம்... வாயை மூடிக்கிட்டு அழிச்சேன். த்தூ.

முங்குறதால பாதிப்பு இல்லைன்னு பேப்பர் வந்துச்சு. மருத்துவ உதவி கேட்டு முங்குறவங்க கொடுத்த மனுவை, அதே பேப்பரைக் காட்டி அரசாங்கத்துல திருப்பி அனுப்பினாங்க. அண்ணன் பேப்பர்ல இருந்து தன் பேரை எடுக்கச் சொல்லிட்டு வேலையை விட்டார். போறப்ப என்னைத் திட்டக்கூட இல்ல. "டீ குடிச்சியாத்தா?"ன்னு கேட்டார்.

இப்ப அஞ்சலியில அவருக்கும் சர்டிபிகேட் வயசு. 'அவருக்கு 49தான்'னு அங்க கமெண்ட் போட்டேன். அஞ்சு நிமிஷத்துல அழிச்சிட்டாங்க.

சரி, இங்க எழுதுறேன். தவசியண்ணனுக்கு வயசு நாப்பத்தொன்பது.

இதை நான் அழிக்க மாட்டேண்ணே. போயிட்டு வாங்க.