கெலவரப்பள்ளி மேட்டில் ஒரு செல்போன்

நிவாரண வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: மூட்டையை இறக்குவது சுலபம், இறக்கியது சரியான மூட்டைதானா என்று தெரிந்துகொள்வதுதான் கஷ்டம். இலங்கைச் சண்டையில் படகேறித் தப்பி வந்தவர்களில் சிலரை ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி முகாமில் தங்கவைத்திருந்தார்கள். ஃபேக்டரி லீவு நாட்களில் நானும் என்னோடு வேலை செய்த மஞ்சுநாத்தும் அங்கே போவோம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிற எங்களால் ஆகாத காரியமா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனோம்.

கேழ்வரகு மாவு

முதல் தடவை, எங்கள் ஊர் களிக்கான கேழ்வரகு மாவை வண்டி நிறையக் கொண்டுபோனோம். வாங்க வந்தவர்களில் யோகம் அக்காவும் ஒருவர். வன்னியிலிருந்து தனியாக வந்தவர். படுக்கையில் கிடந்த அப்பாவை விட்டுவர மனமில்லாமல் கணவர் அங்கேயே தங்கிவிட்டார். மஞ்சுநாத் வேர்க்க விறுவிறுக்கக் களி கிண்டிக் காட்டினான். அக்கா ஒரு வாய் வைத்துப் பார்த்தார்.

"குரக்கன் மாவிலை நாங்கள் புட்டெல்லோ அவிக்கிறனாங்கள்! தேங்காய்ப்பூ இல்லாமல் இதை என்னண்டு தம்பி விழுங்குறியள்?"

ஸ்வெட்டர்

மார்கழிக் குளிருக்குப் பழைய ஸ்வெட்டர்கள் சேகரித்தோம். ஆளுக்கு ஒன்றுதான். யோகம் அக்கா பெரிய ஆம்பிளை சைஸாகப் பார்த்து எடுத்தார், அதையும் போட்டுக்கொள்ளாமல் மடித்து வைத்தார். "நீங்க இப்படி நடுங்கறீங்க, அது யாருக்குங்கக்கா?" என்று மஞ்சுநாத் எரிந்து விழுந்தான்.

"அவருக்குக் குளிர் ஒத்துவராது தம்பி. வரேக்கை போடட்டும்."

செல்போன்

கணவர் பேச வழி வேண்டுமே என்று நாங்கள் சேர்ந்து ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்தோம். கொழும்பிலிருந்த உறவினர் மூலம் அக்கா நம்பரை வன்னிக்குச் சேர்ப்பித்தார். தொல்லை டவரில் இருந்தது. முகாமில் கர்நாடக டவர்தான் பிடிக்கும், அதுவும் விட்டுவிட்டு. ரோஜாத் தோட்ட வேலை முடிந்ததும் அக்கா அணைக்கட்டு மேட்டில் ஏறி, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். காற்று வாங்குகிறீர்களா என்று கிண்டல் செய்தோம்.

"இஞ்சை இருந்தால்தான் தம்பி தமிழ்நாட்டு டவர். அவர் கோல் எடுக்கேக்கை வடிவாக் கேக்க வேணுமெல்லோ?"

கொழுந்தன்

சண்டை முற்றி, வன்னியிலிருந்து யாருக்குமே போன் வராமல் போனது. அதற்கும் பிறகு அக்காவின் கொழுந்தன் மட்டும் எப்படியோ தப்பி முகாமுக்கு வந்தார். ஷெல்லடியில் அண்ணன் எந்தப் பக்கம் ஓடினாரென்றே தெரியவில்லை என்றார். "அதுக்கு முன்ன ஒரு போனாவது பண்ணியிருக்கலாமில்லீங்க?" என்று மஞ்சுநாத் கேட்டுவிட்டான்.

"எடுத்தவர்தான். ஏதோ விளங்காத பாஷையிலை ஒரு பொம்பிளை கதைச்சவளாம். பிழையான நம்பர் எண்டு, அதை எழுதி வைச்சிருந்த துண்டைக் கிழிச்செறிஞ்சிட்டார்."

அந்தப் பொம்பிளையை எங்களுக்குத் தெரியும். கர்நாடக டவர் விட்டுப்போகும்போதெல்லாம், நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று கன்னடத்தில் சொல்லும் பதிவுக் குரல். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா அழவில்லை, கொழுந்தனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எடுத்தவரோ? அப்ப அண்டைக்கு உயிரோடை இருந்திருக்கிறார்."

எங்களுக்கு மூன்று பாஷை தெரியும் என்று ஊரெல்லாம் பெருமையடிப்பதை அன்றோடு விட்டுவிட்டேன்.