கணக்கு சார் பின்னிய ஸ்வெட்டர்

வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். திண்டுக்கல் வண்டியின் கண்டக்டர், எங்கள் பள்ளியில் படித்தவர், படியிலிருந்தே சொன்னார்: "தமிழ் சார், நம்ம கணக்கு சார் போயிட்டாரு. இன்னைக்குச் சாயங்காலம் எடுக்குறாக." அந்த வண்டியிலேயே ஏறினேன். சங்கரலிங்கம் சாரின் முகத்தைப் பார்க்க முடிந்தது. அவர் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைத்தான் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. அதை உங்களிடமாவது சொல்லிவிட வேண்டும்.

அவரோடு வேலை பார்த்த நீங்கள் எல்லோரும் அவர் ஸ்வெட்டர் பின்னியதைப் பார்த்தவர்கள். சிரித்தவர்கள். ஏன் பின்னினார் என்பது உங்களுக்குப் பாதிதான் தெரியும்.

பத்து வருடங்களுக்கு முன் அவர் மனைவி பாக்கியம் அம்மா காசநோயோடு கொடைக்கானலில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தார். யாரோ கொடுத்த ஆம்பளை ஸ்வெட்டர் ஒன்றுதான் அவருக்குத் துணை. இளைத்த உடம்பில் அது தொளதொளவென்று தொங்கியது. குளிர்காற்று உள்ளே புகுந்தது. "அளவாப் பிடிச்சுத் தச்சுக் கொண்டாங்க, அதுவரைக்கும் போர்வைய வச்சு ஓட்டிக்கிறேன்" என்று சாரிடம் கழற்றிக் கொடுத்துவிட்டார். அப்போது ஐப்பசி. திண்டுக்கல் டெய்லர் அதுவரை ஸ்வெட்டரைத் தொட்டதே இல்லை. சட்டையைப் போலவே பக்கங்களையும் தோளையும் கழுத்தையும் கத்தரித்தார். மிஷினில் வைத்து இழுத்ததும் கண்ணி கண்ணியாகக் கழன்று ஓடியது. நானும் கூட இருந்தேன். சார் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இருந்த ஒண்ணையும் பிடுங்கிட்டு வந்துட்டேனே சார். அவ அங்க வெறும் உடம்போட கெடக்கா."

புதிது வாங்க அவருக்கும் வழியில்லை, எனக்கும் இல்லை. அவருக்கு அப்போது நாற்பது வயது தாண்டியிருந்தது. சைக்கிள் சக்கரத்துக் கம்பிகள் இரண்டை முனை தேய்த்து எடுத்துக்கொண்டார். ஸ்வெட்டரில் வெட்டுக்குப் பாதி தப்பிய ஒரு கைதான் அவருக்கு வாத்தியார். அதில் ஒரு வரிசையைப் பிரித்துப் பார்ப்பார். அதே போலத் திரும்பப் போடுவார். வெட்டுப்பட்ட நூலெல்லாம் துண்டு துண்டு. முடிச்சுப் போட்டுப் போட்டுச் சேர்த்தார். வியர்வையில் கம்பளி கையோடு ஒட்டியது; உள்ளங்கையில் சாக்பீஸ் பொடியைப் பூசிக்கொண்டார். "என்ன சார், யாருக்கு வளைகாப்பு?" என்று ஆசிரியர் அறையில் கேட்டோமே, அவர் குனிந்து கண்ணிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

வகுப்பில் அவர் ஓயாமல் சொல்வது உங்களுக்கு நினைவிருக்கும்: "தப்ப வச்சுக்கிட்டு விடை தேடாதீங்கப்பா. அழிங்க, திரும்பப் போடுங்க." ஸ்வெட்டரிலும் அதையே செய்தார். ஐந்து தடவை முழுக்கப் பிரித்தார். ஆறாவது தடவையும் ஒரு பக்கம் அகன்று, மறுபக்கம் சுருங்கி வந்தது. அன்று கம்பிகளை வீசி எறிந்துவிட்டுச் சத்தமாக அழுதார். "மார்கழி பொறந்துருச்சு சார். எனக்கு வரமாட்டேங்குதே." நான்தான் கம்பிகளைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அதற்கு மேல் என்னால் ஒன்றும் ஆகவில்லை.

எப்படியோ பின்னிவிட்டார். ஆனால் கழுத்தில் எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. அதைக் காட்டித்தர வேண்டிய பகுதியை டெய்லர் வெட்டி எறிந்திருந்தார். கம்பியை உருவினால் எல்லாம் கழன்றுவிடும். கம்பிகளோடேயே மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். நானும் போனேன். அங்கே ஒரு நர்ஸ் கொஞ்ச நேரத்தில் முடித்துக் கொடுத்தார்.

பாக்கியம் அம்மா போட்டுக்கொண்டு தடவிப் பார்த்தார். "என்னங்க இது, இம்புட்டு முடிச்சு?"

"எம் புத்தி கெட்டுப்போச்சு பாக்கியம். நாந்தான் டெய்லர்ட்ட வெட்டச் சொன்னேன்."

"உங்களுக்கு எப்பவும் அவசரம். போகட்டும், கதகதன்னு இருக்கு."

தை மாதம் பாக்கியம் அம்மா இறந்துபோனார். நோய் முற்றிவிட்டது, குளிரால் அல்ல என்றார் டாக்டர். பத்து வருடமாக அதை நம்பப் பார்க்கிறேன், முடியவில்லை. சார் அதன்பின் ஒவ்வொரு வருடமும் ஒரு சின்ன ஸ்வெட்டர் பின்னி அந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவந்தார்.

அந்தக் கம்பிகளை அவர் தம்பி என்னிடம் கொடுத்தார். மேசையில் வைத்திருக்கிறேன். ஆனால் எனக்கென்று அவர் விட்டுப்போனது அன்று கட்டிலருகே சொன்ன பொய்தான். "எனக்குத் தெரிஞ்ச டெய்லர் இருக்காரு, வாங்க" என்று கூட்டிப்போனவன் நான். "தாராளமா வெட்டுங்க" என்று சொன்னவனும் நான். கட்டிலின் கால்மாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன்.

"எம்மேல கோவிச்சு அவளுக்குப் பழக்கம் சார்" என்றார். "உங்க மேல கோவத்தோட போயிரக் கூடாதுல்ல."

பாக்கியம் அம்மா, வெட்டச் சொன்னவன் நான்.