பால் கொடுக்கப் போனவள்

எங்கள் எஷென்ஃபெல்ஸ் நாட்டைக் குதிரையில் சுற்றிவர ஒரு பகல் போதும். அவ்வளவு சின்ன நாட்டுக்கும் ஓர் அரசர், ஓர் அரண்மனை, நாற்பது சிப்பாய்கள், ஒரு தூக்குமேடை எல்லாம் இருந்தன. வாரிசு மட்டும்தான் இல்லை. அரசர் ஹார்ட்விக்கின் முதல் இரண்டு மனைவிகளும் ஐந்து பெண்களைப் பெற்றுவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். ஆண் பிள்ளை இல்லாமல் அவர் கண்ணை மூடினால், மலைக்கு அந்தப் பக்கம் ஆண்ட பங்காளிக் கோமகனுக்கு நாடு போய்விடும். அப்படித்தான் அவருடைய பாட்டனார் காலத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மூன்றாவது மனைவிக்கு 1784 இலையுதிர் காலத்தில் ஆண் குழந்தை பிறந்தபோது மூன்று நாள் மணி அடித்தது. சந்தைத் திடலில் பீர் இலவசமாக ஓடியது.

அரசிக்குப் பால் இல்லை. இருந்திருந்தாலும் அரச குடும்பத்துப் பெண்கள் தாங்களே கொடுப்பதில்லை. அரண்மனை வைத்தியர் பச்சை உடம்புக்காரிகள் பன்னிரண்டு பேரை வரிசையில் நிறுத்தி, பல்லையும் நாக்கையும் பார்த்து என் சித்தி அப்பொலோனியாவைத் தேர்ந்தெடுத்தார். அவளுக்கு இருபத்திரண்டு வயது. சித்தப்பா வெல்ட்டன் கூரைக்குக் கல் ஓடுகள் வேய்கிறவர். அவர்களுடைய மகள் உர்சுலாவுக்கு அப்போது ஏழு வாரம். வரமாட்டேன் என்று சொல்லலாமா என்று சித்தி கேட்டாளாம். அப்படி யாரும் இதுவரை சொன்னதில்லை என்று அழைத்துப்போக வந்த அதிகாரி சொன்னார்.

பால் தருகிறவள் சொந்தக் குழந்தையைப் பார்க்கக் கூடாது. பாலைப் பங்கு போட்டுவிடுவாள் என்ற பயம். உர்சுலா எங்கள் வீட்டுக்கு வந்தாள். எனக்கு அப்போது ஐந்து வயது. அம்மா ஆட்டுப்பாலில் ரொட்டியை ஊறவைத்துத் துணியால் பிழிந்து ஊட்டினாள். டிசம்பரில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. ஆறாம் நாள் இறந்துவிட்டது.

அடக்கம் முடிந்த கையோடு சித்தப்பா அரண்மனைக்குப் போனார். செவிலிகளுக்குப் பொறுப்பாயிருந்த கிரைலாவ் சீமாட்டி அவரை வாசலிலேயே நிறுத்தினாள். துக்கம் பாலில் இறங்கும், பால் கெட்டால் வாரிசு கெடும், அதற்கு நாடே உன்னிடம் கணக்குக் கேட்கும் என்றாள். ஞாயிறு தோறும் பூசை முடிந்து கால் மணி நேரம் மனைவியைப் பார்க்கலாம். குழந்தை நலம் என்று மட்டும் சொல்ல வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை துணி வெளுக்கும் அறைக்குப் பக்கத்தில், ஓர் அரண்மனைப் பெண் காவலிருக்க, இருவரும் சந்தித்தார்கள்.

"பிள்ளை எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா."

"நல்லா இருக்கான்னா? அவ்வளவுதானா? சிரிக்கிறாளா, இல்லையா?"

"சிரிக்கிறா. உங்க அக்கா மூக்கைப் பிடிச்சு இழுக்கிறா."

சித்தப்பா அதிகம் பேசாதவர். பொய் அவருக்கு வராது. ஆனால் சித்தி விடமாட்டாள். வாரா வாரம் புதிதாக ஏதாவது கேட்பாள். அதனால் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து, அடுப்படியில் நின்றுகொண்டு, ஆறு மாதத்தில் குழந்தைகள் என்ன செய்யும், எட்டு மாதத்தில் என்ன செய்யும் என்று அம்மாவிடம் கேட்பார். அம்மா அழுதுகொண்டே சொல்வாள். சில நாள் ரொட்டிக்கடைக்காரர் வீட்டு வேலியோரம் நின்று அவர்களுடைய குழந்தையைப் பார்ப்பார்; அதற்கும் உர்சுலாவுக்கும் ஒரே வயது. இப்படியாக உர்சுலா குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், அவளுக்கு இரண்டு பல் முளைத்தது, நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றாள்.

அரண்மனையில் சித்திக்குக் கன்றுக்குட்டி சூப்பும் வாற்கோதுமை பீரும் கொடுத்தார்கள். குட்டி இளவரசன் காசிமிர் அவளைத் தவிர யாரிடமும் போகமாட்டான். ஒரு ஞாயிறு அவள் தலையைக் குனிந்துகொண்டே கேட்டாளாம்.

"இவன் மேல எனக்குப் பாசம் வந்துடுச்சுயா. உர்சுலா கோவிச்சுக்குவாளா?"

"குழந்தைக்கு என்ன தெரியும், லோனி," என்றார் சித்தப்பா. அன்று அவர் நேரே வீட்டுக்குப் போகவில்லை. ஆற்றங்கரையில் மாலைவரை உட்கார்ந்திருந்தார் என்று பிறகு சொன்னார்கள்.

அடுத்த நவம்பரில் இளவரசனுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நான்கு நாள் மூச்சுக்குத் திணறி, சித்தியின் மடியிலேயே போய்விட்டான். பதினான்கு மாதக் குழந்தை. விரல் விரலாகப் பிரித்துத்தான் அவளிடமிருந்து வாங்கினார்கள்.

மறுநாள் விசாரணை. வைத்தியர் அவளுடைய பாலைச் சுவைத்துப் பார்த்தார். மறைத்து வைத்த துக்கம் ஏதாவது உண்டா என்று ஓர் அதிகாரி கேட்டார்.

"எனக்கு என்ன துக்கம் ஐயா? வீட்ல என் பொண்ணு நல்லா இருக்கா," என்றாள் சித்தி.

அதிகாரி சீமாட்டியைப் பார்த்தார். சீமாட்டி சன்னலைப் பார்த்தாள். சித்தி சொன்னதை அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு அனுப்பினார்கள். இளவரசனுக்குச் சட்டை தைத்த மிச்சத் துணியில் ஒரு வயதுக் குழந்தைக்கு அளவாக ஒரு குல்லாய் தைத்து வைத்திருந்தாள். அதோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"பிள்ளை எங்க, அக்கா? தூங்குறாளா?"

அம்மா மாவுக் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "லோனி... போன டிசம்பர்லயே, லோனி."

சித்தி விரல்விட்டு மாதங்களை எண்ணினாள். இரண்டு கையும் தாண்டிப் போனது.

"அப்போ அந்தப் பல்லு?"

"ரொட்டிக்கடை வீட்டுப் பிள்ளைக்கு வந்தது."

"அவர் தானா சொன்னாரா, நீயும் சேர்ந்தா?"

"நானும் சேர்ந்துதான்."

சித்தி குல்லாயை மேசைமேல் வைத்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். குழிக்கு மேல் ஒரு கோடைப் புல் முளைத்துக் காய்ந்துவிட்டிருந்தது. அதன் பிறகு வீட்டுக்குப் போய் உலை வைத்தாள். சித்தப்பாவோடு மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை; அந்தக் குளிர்காலமும் அடுத்ததும் அப்படியே போயின.

அரசர் இன்னும் ஒன்றரை ஆண்டு இருந்தார். அவர் போனதும் பங்காளியின் ஆட்கள் வந்து வாயிலிலிருந்த சின்னத்தைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். அரண்மனையைப் பூட்டினார்கள். சவரிமுடி செய்கிறவர், கையுறை தைக்கிறவர், வண்டிக்காரர்கள் என்று பாதி ஊர் பிழைப்பை இழந்தது. யார்மேலாவது பழி போட வேண்டுமே. கிணற்றடியில் சித்தி வந்தால் பெண்கள் விலகிக்கொண்டார்கள். ஒரு நாள் ரொட்டிக்கடைக்காரி வாய்விட்டே சொன்னாள்.

"உன் பால் நல்லா இருந்திருந்தா எங்களுக்கு இன்னைக்கு ஒரு ராஜா இருந்திருப்பாரு."

சித்தி வாளியைக் கீழே வைத்தாள். "என் பாலைக் குடிச்ச பிள்ளையும் செத்துச்சு. குடிக்காத பிள்ளையும் செத்துச்சு. நான் என்னடி பண்ணட்டும்?"

அதற்குப் பிறகு நேருக்கு நேர் யாரும் பேசவில்லை. முதுகுக்குப் பின்னால் பல வருடம் பேசினார்கள்.

அரண்மனைக் கூரையின் கல் ஓடுகளைப் பிரித்துத் தன் குதிரை லாயத்துக்குக் கொண்டுபோகப் புதிய கோமகன் உத்தரவிட்டார். தான் வேய்ந்த கூரையைச் சித்தப்பாவே பிரித்தார். வேறு வேலை இல்லை. ஒரு நண்பகல் சித்தி அவருக்குப் பட்டாணி சூப் எடுத்துப்போனாள். முற்றத்தில் அவர் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டாள்.

"அவ எழுந்து நின்ன வரைக்கும் சொன்ன. அப்புறம் நடந்தாளா?"

"வேணாம் லோனி."

"நீ சொன்னது மட்டும்தான்யா என்கிட்ட இருக்கு. எனக்கு அவளைப் பத்தி வேற எதுவும் தெரியாது."

அவர் சூப்புக் கிண்ணத்தை வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். சித்தி கிண்ணத்தை எடுத்து அவர் கையில் கொடுத்து, "ஆறிடும், குடி," என்றாள். அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொண்டார்கள் — விறகு, மழை, ஆட்டுக்குத் தீனி.

வேறு குழந்தை பிறக்கவில்லை. சித்தி துணி வெளுத்துப் பிழைத்தாள். பிரெஞ்சுக்காரர்களின் போர்க்காலத்தில் பங்காளியின் நாட்டையும் அவரைவிடப் பெரிய அரசர் ஒருவர் விழுங்கினார்; அதற்கு யாரும் யார் பாலையும் குறை சொல்லவில்லை.

1811 மார்ச்சில் சித்தி நெஞ்சுச் சளியால் இறந்தாள். அம்மாதான் குளிப்பாட்டி வெள்ளைத் துணி உடுத்திவிட்டாள். இருபத்தைந்து வருடம் ஒரே ஊரில் இருந்தும் அம்மா அவளிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை. ஏன் என்று நான் கேட்டேன். "கேட்டிருந்தா அவ ஏதாவது பதில் சொல்லியிருப்பா. அதுக்குப் பயந்துதான்," என்றாள் அம்மா. பிறகு ஈரத் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.