பின் கதவில் ஒரு டச்-அப்

பெயிண்டர் முதலாளிக்கு மூக்கு நுனியில் கோபம். கார் ஷோரூம் திறந்து இருபத்தாறு வருடம் ஆகியும், பட்டறையில் ஸ்ப்ரே கன் பிடித்த காலத்துப் பட்டப்பெயர் அவரை விடவில்லை. நேரில் "அண்ணே" என்பார்கள், அந்தப் பக்கம் திரும்பினால் "பெயிண்டர்" என்பார்கள். அதற்கும் அவருக்குக் கோபம்தான்.

ஆனால் ஊருக்கு ஒன்று என்றால் முதலில் அவர் கண்ணாடி அறைக் கதவைத்தான் தட்டுவார்கள். அண்ணன் தம்பி சொத்துச் சண்டை அங்கேதான் தீரும். வெள்ளம் வந்தபோது, ஓட்டிப் பார்க்க வைத்திருந்த வண்டிகளை எல்லாம் நோயாளிகளை ஏற்றிவர அனுப்பினார். சேறு பிடித்த சீட்டைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் கத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்களுக்கு வண்டிகள் நிறுத்தும் தன் யார்டிலேயே கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். "கிளட்ச்சை மிதிம்மா! அது என்ன, பூனை வாலா, பயப்படறதுக்கு?" என்று அவர் போடும் சத்தம் பக்கத்துத் தெரு வரை கேட்கும். அவர் திட்டாமல் ஒரு நாள் போனால், உடம்புக்கு என்னவோ என்று விசாரிக்க ஆள் வரும்.

அப்படிக் கார் ஓட்டப் பழகியவர்களில் ஒருத்தி நர்ஸம்மா. ஊரில் பாதிப் பிள்ளைகள் அவள் கையில் பிறந்தவை. அன்று காலை மாமியாரையும் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு முதல் காரை எடுக்க வந்திருந்தாள். வண்டிக்கு ரிப்பன் கட்டி, சாவியைத் தட்டில் வைத்திருந்தார்கள். சின்னவள் ஹார்ன் அடிக்கத் துடித்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி வழக்கம்போல வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தார். இடது பின் கதவில் கை நின்றது. பக்கத்துக் கதவைவிட இது வழவழப்பாக இருந்தது. ஓரத்து ரப்பரை விலக்கி நகத்தை ஓட்டினார். டேப் ஒட்டிப் பெயிண்ட் அடித்த கோடு மெல்லத் தட்டுப்பட்டது. கம்பெனியிலிருந்து வரும் கதவில் அந்தக் கோடு இருக்காது. அவருக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

மேனேஜர் அவருடைய சொந்தத் தம்பி. அவனைக் கண்ணாடி அறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினார்.

"என்னடா அது?"

"லாரியில இருந்து இறக்கும்போது உரசிடுச்சு. சின்ன டச்-அப்தான், அண்ணே."

"முழுக் கதவையும் அடிச்சுட்டு டச்-அப்பாம்! அந்தப் பொண்ணுகிட்ட சொன்னியா?"

"எதுக்கு? அவங்களுக்கு என்ன தெரியப் போகுது?"

"தெரியாதவங்கதான்டா நம்மகிட்ட வர்றாங்க! தெரிஞ்சவன் எதுக்குடா என்னை நம்பணும்?"

தம்பிக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ரொம்பக் குதிக்காதீங்க. பட்டறையில பழைய முதலாளிகிட்ட இருந்தப்போ, 'யாராவது கேட்டா டச்-அப்புன்னு சொல்லு, வாயை மூடிக்கிட்டுப் போயிடுவாங்க'ன்னு எனக்குச் சொன்னது யாரு? அந்த வார்த்தையே உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்."

பொய்யில்லை. அப்போது அவர் சம்பளத்துக்கு நின்ற ஆள், அடிபட்டதைப் பெயிண்ட் அடித்து மறைக்கச் சொன்னார்கள், செய்தார். ஆனால் தம்பிக்கு அதைச் சொல்லிக்கொடு என்று எவனும் அவர் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. தன்மேல் வந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் மேஜையை ஓங்கி அடித்தார். பேனா ஸ்டாண்டு உருண்டு விழுந்தது. வெளியே போகத் திரும்பினார்.

தம்பி வழியை மறித்தான். "எல்லார் முன்னாடியும் சொல்லித் தொலைக்காதீங்க. ஒண்ணு வெளியே போச்சுன்னா ஊரே அவனவன் கதவைத் தடவிப் பார்க்கும். அப்புறம் ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான்."

"அப்போ இன்னும் இருக்கா?"

தம்பியின் பார்வை கண்ணாடி வழியே வெளியே நின்ற வண்டிகள்மேல் போனது.

"எத்தனைடா?"

"எண்ணிக்கிட்டா இருந்தேன்?"

முதலாளி அவனைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். நர்ஸம்மாவின் கையைப் பிடித்து அந்தக் கதவின்மேல் வைத்தார். "இது அடிபட்ட கதவும்மா. மேல பெயிண்ட் அடிச்சு மறைச்சிருக்காங்க. உனக்கு வேற வண்டி தர்றேன்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். "இந்த ஒண்ணுதானா, அண்ணே? போன மாசம் என் தங்கச்சியும் இங்கதான் எடுத்தா."

"தெரியலம்மா."

"தெரியலயா?"

பிரசவ அறையில்கூடக் குரலை உயர்த்தாதவள் என்று பேர் வாங்கியவள் அவள். அன்று அந்த ஷோரூம் அதிரக் கத்தினாள். "கிளட்ச்சைச் சரியா மிதிக்கலைன்னு என்னை அழ அழத் திட்டினீங்க. ஊர்ல ஒருத்தரை விட்டு வச்சீங்களா? உங்க சத்தத்தைக் கேட்டுத்தானே நாங்க எல்லாம் நம்பினோம், இவ்வளவு கத்துற மனுஷன் கடையில தப்பு நடக்காதுன்னு!"

சின்னவள் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். சாவித் தட்டைப் பிடித்திருந்த கடைப்பெண் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். முதலாளி அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு நர்ஸம்மாவிடம் வந்தார்.



"உன் தங்கச்சியை வண்டியோட வரச் சொல்லும்மா" என்றார், சத்தம் போடாமல். "இங்க வாங்கின எல்லாரையும் வரச் சொல்லு. நானே தடவிப் பார்க்கிறேன்."