அறுபது சதவீதக் குளிர்

ஹெப்பகோடி பக்கம், நாலாபுறமும் கண்ணாடி வைத்துக் கட்டிய ஐந்து மாடி அலுவலகம் ஒன்று. வெயில் உள்ளே வரட்டும் என்றே கட்டினார்களோ என்னவோ. அதன் அடித்தளத்தில் மூன்று சில்லர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தண்ணீரைக் குளிர்வித்து மாடிகளுக்கு அனுப்பும் எந்திரங்கள் அவை. மாடிகள் குளுகுளுவென்று இருக்கும்வரை நான் ஒருவன் இருப்பது யாருக்கும் தெரியாது. கொஞ்சம் வியர்த்தால் போதும், எல்லோருக்கும் என் நினைப்புதான்.

போன கோடையில் எங்கள் கட்டிட மேனேஜருக்கு ஞானோதயம் பிறந்தது. மதியம் மூன்றிலிருந்து ஆறு வரை ஊர் முழுக்கக் கரண்டுக்கு அடிதடி. அந்த நேரத்தில் சில்லர்கள் அறுபது சதவீதத்துக்கு மேல் ஓடக் கூடாது என்று மெயில் போட்டார். நல்ல யோசனைதான், குறை சொல்ல மாட்டேன். காலையிலேயே கட்டிடத்தைக் குளிர வைத்து, ஜன்னல் திரைகளை இறக்கி, முறையாகச் செய்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அதற்கு மெனக்கெட வேண்டும். மெயில் போட ஒரு விரல் போதும். அந்த மெயிலின் காப்பி சூரியனுக்குப் போகவில்லை போலிருக்கிறது, அது நூறு சதவீதத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் கட்டிடத்தில் புகாருக்கு ஒரு சடங்கு உண்டு. சூடாக இருக்கிறது என்று யாராவது டிக்கெட் போட்டால், அன்று மாலை ஆறு மணிக்குள் போட்டவரே அதை ‘திருப்தி’ என்று மூட வேண்டும். மூடாவிட்டால் எனக்கு ஒரு மெமோ. மூன்று மெமோ சேர்ந்தால் கான்ட்ராக்டர் வேறு ஆளை அனுப்பிவிடுவார். என் கணக்கில் ஏற்கெனவே இரண்டு இருந்தன. அதனால் டிக்கெட் வந்ததும் டெம்பரேச்சர் கன்னை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடுவேன். குளிர்காற்று வரும் ஓட்டைக்கு நேராக அதைப் பிடித்து, வந்த எண்ணைக் காட்டி, பத்தே நிமிஷம் என்பேன். பெரும்பாலும் என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு மூடிவிடுவார்கள்.

என் மனைவியும் அதே கட்டிடத்தில், இரண்டாவது மாடியில் டேட்டா என்ட்ரி செய்கிறாள். அடுகோடியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நான் பைக்கில் போவேன், அவள் ஆபீஸ் பஸ்ஸில் வருவாள். நாங்கள் புருஷன் பெண்டாட்டி என்று அங்கே யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் அவள் மாடிக்கு மட்டும் நான் குளிரைக் கூட்டுகிறேன் என்பார்கள்.

மே மாதத்தில் மேனேஜருக்கு மின்சாரச் சிக்கன விருது வந்தது. தரைத்தள ஹாலில் மூன்றரை மணிக்கு விழா. இரண்டே முக்காலுக்கு போன் செய்தார். ஹால் ஜில்லென்று இருக்க வேண்டுமாம், ஆனால் அறுபதைத் தாண்டவும் கூடாதாம். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. ஒரே ஒரு நாள் லிமிட்டை ஏற்றுகிறேன், ஒரு வரி மெயில் போடுங்கள் என்றேன். விருதே அந்த லிமிட்டுக்குத்தான் என்பதை நினைவூட்டிவிட்டு வைத்துவிட்டார்.

கம்ப்யூட்டரில் கை வைத்தால் யார், எத்தனை மணிக்கு என்று பதிவாகிவிடும். டீ பிளாஸ்க் பதிவாகாது. இந்த வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாலாவது மாடிக்காரர்கள். சுவரில் இருக்கும் சென்சாருக்குக் கீழே சூடான காபிக் கோப்பையை வைத்தால், அந்த இடம் எரிகிறது என்று நம்பி வால்வு முழுசாகத் திறந்து, குளிர்ந்த தண்ணீரையெல்லாம் அந்தப் பகுதிக் குழாய்க்கே திருப்பிவிடும். அவர்களைப் பிடித்துக் கண்டித்தவனும் நான்தான். கேன்டீனில் ஒரு பிளாஸ்க் டீ வாங்கி, மூடியைத் திறந்து, ஹால் சென்சாருக்குக் கீழே ஸ்டூல் போட்டு வைத்தேன்.

ஹால் ஊட்டி ஆனது. முன்வரிசை அம்மாக்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். மேனேஜர் மேடையேறி, அறுபதிலேயே இப்படிக் குளிர்கிறது என்றால் அடுத்த வாரத்திலிருந்து ஐம்பதே தாராளம் என்று அறிவித்தார். பலத்த கைத்தட்டல். கை சூடாகட்டும் என்று தட்டியிருப்பார்கள்.

அப்போது என் போனில் டிக்கெட் வந்தது. இரண்டாவது மாடி, உட்கார முடியவில்லை. போட்டவர், என் மனைவி.

குளிர் வானத்திலிருந்தா வரும்? ஹாலுக்குப் போனது யாரோ ஒருவர் பங்கு. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். நான் பெண்டாட்டி வீட்டு நெய்யை எடுத்து ஊராருக்கு வார்த்திருந்தேன்.

கன்னோடு மேலே போனேன். நாற்பது பேரும் ஃபைலால் விசிறிக்கொண்டிருந்தார்கள். மாசமாக இருந்த ஒரு பெண் ஈரக் கைக்குட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். நான் வழக்கம்போல கன்னை நீட்டினேன்.

“சார், நம்பர் காட்டாதீங்க,” என்றாள் என் மனைவி.

மூன்றாவது மெமோ என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தேன்.

அவளும் குரலை இறக்கினாள். “தெரியும். எனக்காகன்னா இப்பவே மூடிடுவேன். அந்தப் பொண்ணு முகத்தப் பாருங்க. அவளுக்கும் சேத்து நான் எப்படி திருப்தின்னு போடுறது?”

எனக்கு வெட்கமாக இருந்தது. பதினோரு வருஷமாக எண்ணைக் காட்டியே ஆட்களை ஏமாற்றிய கை, அன்றைக்குக் கன்னைப் பையில் போட்டுக்கொண்டது.

கீழே விழா முடிந்து சமோசா நடந்துகொண்டிருந்தது. பிளாஸ்க்கை எடுத்து, கொதிக்கக் கொதிக்க டீயை மாற்றி, இரண்டாவது மாடி சென்சாருக்குக் கீழே வைத்தேன். அரை மணியில் ஃபைல்கள் மேஜைக்குத் திரும்பின. அந்தப் பெண் கைக்குட்டையை எடுத்து மடித்து வைத்தாள். ஐந்தே முக்காலுக்கு டிக்கெட் மூடப்பட்டது. திருப்தி.

ஐந்து ஐம்பதுக்கு மேனேஜரின் போன். அவர் அறை ஐந்தாவது மாடியில். ‘பாருங்க’ என்பது மட்டும் அவர் வாயில் எப்போதும் கன்னடத்தில்தான் வரும்.

“நோட்ரி, இங்க ஃபுல் ஹாட் ஆயிடுச்சு. என்ன பண்றீங்க கீழ?”

“டிக்கெட் போடுங்க சார், உடனே வர்றேன்.”

விருது அப்போதுதான் அவர் மேஜைக்கு வந்து சேர்ந்திருக்கும். அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சூடு தாங்கவில்லை என்று தன் பெயரில் எப்படி டிக்கெட் போடுவார்? சரி, சரி, பரவாயில்லை என்று வைத்துவிட்டார். அன்று பைக்கில் வரும்போது ஹோசூர் ரோடு டிராஃபிக் கூட எனக்கு இனித்தது.

அந்த இனிப்பு திங்கட்கிழமை வரைக்கும்தான். சொன்னபடியே மெயில் வந்தது. மூன்றிலிருந்து ஆறு வரை ஐம்பது சதவீதம், கண்டிப்பாக. கடைசி வரியில், ஐந்தாவது மாடி வால்வை மட்டும் எப்போதும் முழுசாகத் திறந்து வைக்கவும்.

வீட்டில் அதை என் மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். மறுநாள் காலை என் சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்தில் ஒரு புது பிளாஸ்க் இருந்தது, நிறைய டீயோடு. நான் டீ குடிப்பதில்லை என்பது அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்தே தெரியும்.