உடைய மறுத்த ஒன்பதாவது பானை

ஆற்றின் இரண்டாம் அருவிக்கு மேலே நிற்கிற எகிப்துக் கோட்டையில் இயாத்தாவின் பானையில் தண்ணீர் குடிக்காத சிப்பாய் கிடையாது. அவளுக்குப் பத்து வயதானபோது எகிப்துப் படை தெற்கே அவள் பிறந்த கூஷ் நாட்டுக்குள் புகுந்தது. கிணறுகளைத் தூர்த்து, கதிரைக் கொளுத்தி, மாட்டோடு மாடாக அவளையும் ஓட்டி வந்தது. அம்மா அவாயியும் கைக்குழந்தையாயிருந்த தம்பி தெகெரும் பாறை இடுக்கில் ஒளிந்து தப்பினார்கள். இங்கே வந்தவள் எகிப்து சாமிகளுக்குப் படையல் வைத்தாள், பீர் காய்ச்சினாள், சென்பி என்ற சிப்பாயைக் கட்டிக்கொண்டாள். அவள் சுட்ட சாடியில் ஒரு முதலை உட்கார்ந்து ஆற்றைக் கடந்ததாகச் சிப்பாய்கள் சத்தியம் செய்வார்கள். இரண்டு முதலை என்பான் சென்பி.

முப்பது வருடம் இப்படிப் போனபின், ஒருநாள் எழுத்தர் ஹெபு சூளைக்கு வந்தார்.

"பன்னெண்டு செம்பானை வேணும். மெல்லிசா இருக்கட்டும். வெள்ளம் வர்றதுக்கு முன்னாடி, இந்த அமாவாசையன்னிக்கு உடைக்கணும்."

எதிரியின் பெயரைச் செம்பானையில் எழுதி, கோட்டைக்கு வெளியே உடைத்துப் புதைப்பது அரசு வழக்கம். பெயர் உடைந்தால் ஆளும் போவான்.

"இந்த வாட்டி யாரு யாரு சாமி?"

ஹெபுவுக்குப் படித்துக் காட்டுவதென்றால் பீரைவிடப் பிடிக்கும். ஒன்பதாவது பெயரில் இயாத்தாவின் கைக்களிமண் நழுவியது.

"அவாயி பெத்த தெகெர். மன்னருக்கு மாடு குடுக்க மாட்டானாம், திமிரு. மேல மவன் பேரு, கீழ ஆத்தா பேரு எழுதணும். இல்லேன்னா சாபம் வேற எவனோ ஒரு தெகெர் தலையில போய் விழுந்துரும்!"

அன்று அவள் ஒன்பதாவது பானைக்கு மட்டும் மண்ணோடு ஆட்டு மயிரைக் குழைத்து, விரல் கனத்துக்கு வனைந்தாள். எழுதும் நாளில் பானைகளை வரிசையாக அவளே எடுத்து நீட்டினாள்.

"என்னடி இது, பிள்ளைத்தாச்சி மாதிரி கனக்குது?"

"ஈரம் சாமி."

அமாவாசைக் காலையில் உடைப்பவனைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தார்கள். சீட்டு சென்பிக்கு விழுந்தது. இதை இயாத்தா நினைத்தே பார்க்கவில்லை.

எட்டுப் பானை அப்பளமாக நொறுங்கின. ஒன்பதாவது, கதாயுதத்தின் அடியை வாங்கிக்கொண்டு உருண்டது. மறுபடி அடித்தான். மறுபடி உருண்டது.

கோட்டைத் தலைவர் எழுந்தார். "மனசுல எதிரிய ஒளிச்சு வச்சவன் அடிச்சா பானை உடையாது. கைய வெட்டட்டுமா, தலையவா?"

ஒன்றும் அறியாத சென்பி பெண்டாட்டியைப் பார்த்தான். இயாத்தா முன்னால் வந்தாள்.

"அவரு மேல தப்பில்லீங்க ஐயா. என் மண்ணு சரியில்ல. அது எங்க தட்டினா உடையும்னு எனக்குத்தான் தெரியும்."

"உடை பாப்போம். உடையலேன்னா உன்னையும் சேத்துப் புதைப்பேன்."

பானையைக் கவிழ்த்து, அடிப்பாகத்தை ஒட்டிய இடத்தில் ஒரே போடு. நாலாகப் பிளந்தது. சிப்பாய்கள் கூச்சலிட்ட நேரத்தில் மேல் சில்லைக் காலடியில் அமுக்கிக்கொண்டாள். தம்பி பெயர் இருந்த சில்லு. ஒரு பாதத்துக்கு அடியில் ஒரு சில்லுதான் அடங்கும். மற்ற சில்லுகளை, பின்னால் உடைத்த மூன்று பானைகளோடு, குழியில் தள்ளி மூடினார்கள்.

வெள்ளம் வடிந்ததும் தெற்கத்தியார் தோல் விற்க வந்தார்கள். வழக்கப்படி ரொட்டியும் பீரும் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். இயாத்தா மதிலிலிருந்து, துருப்பிடித்த தாய்மொழியில் கூவினாள்.

"தெகெர் எப்படி இருக்கான்?"

"அவனுக்கென்ன, மாடு மாதிரி இருக்கான்! அவன் ஆத்தா கிழவிதான் போயிட்டா."

"எப்ப?"

"இந்த வெள்ளம் வர்றதுக்கு முந்தின அமாவாச, காலையில. அடுப்பு மூட்டிக்கிட்டே நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தா. அப்படியே சாஞ்சுட்டா."

விஷயம் கேட்ட சென்பி, "வயசாயிருச்சுல்ல" என்றான்.

இயாத்தா எழுந்தாள். மடியில் முடிந்திருந்த சில்லோடு வாசலைத் தாண்டிப் போனாள். குழியைக் கையால் கிளறினாள். படிக்கத் தெரியாதவளுக்கும் தன் பானையின் கனம் தெரியும். மூன்று தடித்த சில்லுகள் அகப்பட்டன; அம்மா பெயர் இருந்த கீழ்ச்சில்லும் அதில் ஒன்று. நான்கையும் சேர்த்து வைத்தாள். கோடு தெரியாமல் பொருந்தின.

இருட்டும்வரை கையை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.